எதிர்பார்த்ததைக் கேட்கும் காது

இறங்கச் சொன்னது எங்களை இல்லை. ஆனால் எங்களைத்தான் என்று எடுத்துக்கொண்டு, தெளிவாகப் பதிலும் சொல்லிவிட்டு, உயரத்தை மாற்றும் குமிழில் கையை வைத்துவிட்டேன்.

கோ-பைலட்டாகச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. இரவு. 21,000 அடியில் போய்க்கொண்டிருந்தோம். கணக்குப்படி இறங்கத் தொடங்க வேண்டிய இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிவிட்டால் பிறகு செங்குத்தாக, வேகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் விமானியின் மனசு முழுக்க ரேடியோவில்தான் இருக்கும். 'இறங்கலாம்' என்ற ஒரு சொல் வராதா என்று காத்துக்கிடப்பான். ரேடியோவில் எங்களை அழைக்கும் பெயரான கால்சைன் 452 என்று முடியும். அதே ஃப்ரீக்வென்சியில் எங்கள் நிறுவனத்தின் இன்னொரு விமானமும் இருந்தது. அதன் எண் 425.

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரின் குரல் வந்தது. "ஃபோர் டூ ஃபைவ், டிசெண்ட் டு ஃப்ளைட் லெவல் ஒன் ஒன் ஜீரோ." அதாவது 11,000 அடிக்கு இறங்கு. நான் பொத்தானை அழுத்தினேன், எங்கள் எண்ணைச் சொன்னேன், உயரத்தையும் திருப்பிச் சொன்னேன்.

கேப்டன் என் மணிக்கட்டைத் தொட்டார். "நமக்கா?"

"நமக்குத்தான் சார்."

"கேளு."

கேட்டேன். இரண்டு விநாடி யாரும் பேசவில்லை. பிறகு, "ஃபோர் ஃபைவ் டூ, நெகட்டிவ். மெயின்டெய்ன் ஃப்ளைட் லெவல் டூ ஒன் ஜீரோ" என்றார் கன்ட்ரோலர். அதாவது இல்லை, 21,000 அடியிலேயே இரு. எங்களுக்கு 1,000 அடி கீழே இன்னொரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நானும் 425-இன் விமானியும் ஒரே நேரத்தில் பதில் சொல்லியிருக்கிறோம். கன்ட்ரோலர் காதில் விழுந்ததெல்லாம் ஒரு கிறீச்சொலியும், கடைசியில் 'ஒன் ஒன் ஜீரோ' என்ற துண்டும்தான். உயரம் சரியாக இருந்ததால், பேசியதும் சரியான ஆள்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் எதிர்பார்த்தது அவர் காதில் விழுந்தது. நான் எதிர்பார்த்தது என் காதில் விழுந்தது.

அன்றைக்கு ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை. இத்தனை வருடப் பறத்தலுக்குப் பிறகு எனக்கு மிகவும் பயமாக இருப்பது இந்த வகைத் தகராறுதான். ரேடியோ செத்துப்போனால் செத்துப்போனது என்று தெரிந்துவிடும், அதற்கென்று நடைமுறை இருக்கிறது. தவறாகக் கேட்டவனுக்கோ தான் தவறாகக் கேட்டது தெரியவே தெரியாது.

விமான ரேடியோவைப் பற்றி ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தொலைபேசி போல இருவரும் ஒரே நேரத்தில் பேசக்கூடியது இல்லை. ஒரு ஃப்ரீக்வென்சியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்வரை நமக்கு எதுவும் கேட்காது. இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் மற்றவர்கள் காதில் விழுவது விசில் போன்ற ஒரு கிறீச்சொலி. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்த அலைவரிசையில் இன்றும் பழைய ஏஎம் முறைதான். எஃப்எம் போல ஒலி சுத்தமாக இருக்காது. ஆனால் எஃப்எம்மில் வலுவான சிக்னல் பலவீனமானதை அப்படியே விழுங்கிவிடும், இன்னொருவர் பேசியதே யாருக்கும் தெரியாமல் போகும். ஏஎம்மில் அந்தக் கிறீச்சொலியாவது மிஞ்சும். எதையோ இழந்துவிட்டோம் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம் அதுதான். எரிச்சலூட்டும் சத்தம் என்று அதைக் கடந்துபோகிற விமானிகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

அந்தச் சத்தத்தின் விலை என்ன என்பதற்கு 1977 மார்ச் 27 போதும். டெனெரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், ரன்வே முழுக்க மூடுபனி. இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ரன்வேயில். கேஎல்எம் விமானத்தின் கோ-பைலட், "வி ஆர் நௌ அட் டேக்-ஆஃப்" என்றார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் பொருள் கொள்ளலாம். டவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, "ஓகே" என்றது. அதைத் தொடர்ந்து, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றும் சொன்னது. அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பதறிச் சொன்னார். ரேடியோவில் இரண்டு குரல்களும் மோதின. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த 'ஓகே' மட்டும். மிச்சம் முழுக்க கிறீச்சொலி. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக்கூடாது என்று ஆனது. மற்ற எல்லாச் சமயத்திலும் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்கிறோம். வெறும் 'ஓகே'யை ரேடியோவில் என் வாயிலிருந்து நான் துரத்திவிட்டதற்கும் அந்த நாள்தான் காரணம்.

இதற்கெல்லாம் மருந்து ரீட்பேக் என்பார்கள். கன்ட்ரோலர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், அதை அவர் காதுகொடுத்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். உயரம், திசை, வேகம், ரன்வே எண், காற்றழுத்த அளவு, ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் எண், ரன்வேயைக் கடக்கவோ அதன் முன் நிற்கவோ சொல்லும் உத்தரவு, எல்லாமே திருப்பிச் சொல்ல வேண்டியவை. நல்ல மருந்துதான். ஆனால் வாய் திருப்பிச் சொன்னதை மனசும் வாங்கிக்கொண்டது என்று நம்பிவிடக்கூடாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், ஜப்பானியக் கடலோரக் காவல்படையின் சிறிய விமானத்தை ரன்வேக்கு வெளியே சி5 என்ற காத்திருப்பு இடம் வரை வரச் சொன்னது டவர். புறப்படும் வரிசையில் 'நம்பர் ஒன்' என்றும் சொன்னது. சி5 என்பதையும் நம்பர் ஒன் என்பதையும் அந்த விமானத்திலிருந்து பிசகில்லாமல் திருப்பிச் சொன்னார்கள். அப்புறமும் அது ரன்வேக்குள் போய் நின்றது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் மோதியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அவசர உதவிப் பொருட்களோடு கிளம்பக் காத்திருக்கும் ஒருவர் காதில் 'நம்பர் ஒன்' எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த இரவு 452-க்கும் 425-க்கும் நடுவில் நான் இருந்த இடமும் அதுவேதான்.

அதனால் நான் பழக்கிக்கொண்டது இது: முதலில் தாளில் எழுதுவேன், அப்புறம்தான் பேசுவேன். காதில் விழுந்ததைக் கை எழுதி, எழுதியதைக் கண் பார்த்து, பார்த்ததை வாய் படிக்க வேண்டும். இப்படிச் செய்யும்போது நடுவில் ஒரு விநாடி கிடைக்கும், அந்த ஒரு விநாடியில்தான் 'இது நமக்கா?' என்ற கேள்வி எழும். பக்கத்தில் இருப்பவர் கையால் காட்டி உறுதிசெய்யும்வரை புது உயரத்தை நாங்கள் தொடங்குவதில்லை. இருவரில் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். பெரும்பான்மை பார்க்கிற விஷயம் இல்லை இது.

எண்கள் தனி வம்பு. ஆங்கிலத்தில் 'டு' என்ற ஒலிக்கு 'வரை' என்றும் பொருள், 'இரண்டு' என்றும் பொருள். 1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்திடம், "டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்றார் கன்ட்ரோலர். அவர் சொன்னது 2,400 அடி. விமானியோ அந்த 'டூ'வை 'வரை' என்று எடுத்துக்கொண்டு, "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று பதில் சொன்னார். 400 அடிக்கு இறங்கத் தொடங்கினார்கள். வழியில் குன்று இருந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். அந்த ரீட்பேக்கில் 'டூ' காணாமல் போனதை ஒருவர் பிடித்திருந்தால் போதும். பிரிட்டனில் ஃப்ளைட் லெவலைச் சொல்லும்போது அந்த 'டு'வையே விட்டுவிடுகிறார்கள். 100-ஐ 'ஒன் ஜீரோ ஜீரோ' என்று சொல்லாமல் 'ஹண்ட்ரட்' என்பதும், 110-ஓடு அது குழம்பாமல் இருக்கத்தான். ஃபைவை 'ஃபைஃப்' என்றும் நைனை 'நைனர்' என்றும் சொல்லச் சொல்வதன் காரணமும் இதே. இரைச்சலில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலவே கேட்கும். பயிற்சியில் புதிதாகச் சேர்பவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை.

சரி, நிஜமாகவே ரேடியோ போய்விட்டால்?

என் முதல் அனுபவம் மாணவனாக இருந்தபோது. தனியாகப் பறந்த நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ. ஓர் எஞ்சின், இரண்டு இருக்கை கொண்ட சின்ன விமானம். விமான நிலையத்தைச் சுற்றிவந்து இறங்கிப் பழகிக்கொண்டிருந்தேன். ரன்வேக்கு இணையாகப் போகும்போது என் இடத்தைச் சொன்னேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். இல்லை. அப்போதுதான் உறைத்தது, கொஞ்ச நேரமாகவே ஹெட்செட்டில் யார் குரலும் இல்லை. அதுவரை அந்த அமைதியை நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமாக என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ஆசிரியர் மண்டையில் ஏற்றிவிட்டிருந்த வாக்கியம் ஒன்று உண்டு: முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே இருக்கிறாய் என்று பார், பேசுவது மூன்றாவது. உயரத்தையும் வேகத்தையும் பார்த்துவிட்டு, டிரான்ஸ்பாண்டரில் 7600 போட்டேன். ரேடியோ செயலிழந்தது என்பதற்கு உலகம் முழுக்க அந்த எண்தான். பிறகு டவரின் கண்ணாடியைப் பார்த்தபடியே சுற்றி வந்தேன். அங்கிருந்து ஒரு சிவப்பு வெளிச்சம், அசையாமல் என்னை நோக்கி. மற்ற விமானத்துக்கு வழி விடு, சுற்றிக்கொண்டே இரு என்று அர்த்தம். பார்த்தால் ரன்வேயில் இன்னொரு விமானம் உருண்டுகொண்டிருக்கிறது. இறக்கைகளை ஆட்டினேன், புரிந்துவிட்டது என்பதற்கு. அடுத்த சுற்றில் பச்சை. விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிந்த பச்சை: இறங்கலாம். புத்தகத்தில் நான்கு வரியாக மனப்பாடம் செய்த அந்த வெளிச்சம், நிஜத்தில் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தீக்குச்சி முனை அளவு. ஆனால் அந்த முனையின் பின்னால் என்னைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார் என்பது உடம்பு முழுக்கத் தெரிந்தது.

இறங்கி நிறுத்திய பிறகு பார்த்தேன். ஹெட்செட்டின் ஜாக் சொருகியிருந்த இடத்திலிருந்து விரல் நகத்தின் பாதி அளவுக்கு வெளியே வந்திருந்தது. முழங்கால் பட்டிருக்க வேண்டும். அழுத்தியதும் டக்கென்று உள்ளே போனது, குரல்கள் எல்லாம் திரும்பி வந்தன.

அன்றிலிருந்து ரேடியோ பதில் சொல்லாவிட்டால் என் கை தானாகப் போகும் வரிசை ஒன்று இருக்கிறது. ஜாக். ஒலியளவுக் குமிழ். ஃப்ரீக்வென்சியை நான்தான் தவறாகப் போட்டுவிட்டேனா. பேசும் பொத்தான் மாட்டிக்கொண்டதா. இரண்டாவது ரேடியோ. கடைசியாகப் பேசிய பழைய ஃப்ரீக்வென்சி. அப்புறம் அவசர அலைவரிசையான 121.5. அங்கே யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுக்கொண்டிருப்பார், வேறொரு விமானமாவது. பெரும்பாலும் முதல் மூன்றிலேயே விடை கிடைத்துவிடும். இத்தனைக்கும் பிறகும் வழி இல்லை, வெளியே தெளிவாகத் தெரிகிறது என்றால், மேகத்துக்குள் போகாமல் அருகிலுள்ள தகுந்த இடத்தில் இறங்கிவிட வேண்டும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் சர்வதேச விதி ஒரு கால அளவு தருகிறது: கடைசியாகக் கொடுத்த உயரத்திலும் வேகத்திலும் ரேடார் பார்வையில் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம். அதன் பிறகு, கொடுத்திருந்த பயணத் திட்டப்படி போக வேண்டும். நாட்டுக்கு நாடு இதில் மாற்றங்கள் உண்டு, போகும் நாட்டின் விதியைக் கிளம்புவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். கன்ட்ரோலர் நம்மைக் கேட்க முடியாதபோது நாம் என்ன செய்வோம் என்று அவரால் ஊகிக்க முடிய வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

பொத்தான் மாட்டிக்கொள்வதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பரபரப்பான ஒரு மாலை, ஏழெட்டு விமானங்கள் வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஃப்ரீக்வென்சியில் இரண்டு பேர் சாப்பாட்டைப் பற்றி நிதானமாகப் பேசும் குரல் கேட்டது. யாருடைய காக்பிட்டோ. பொத்தான் அழுந்தியபடி நின்றுவிட்டிருந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியவும் தெரியாது, ஏனென்றால் அழுந்தியிருக்கும்வரை அவர்களுக்கு எந்தக் குரலும் கேட்காது, காக்பிட் அமைதியாகத்தான் இருக்கும். கன்ட்ரோலர் எங்களைத் திருப்பச் சொல்ல வேண்டிய இடம் வந்தது, தாண்டியது. முன்னால் போகும் விமானம் திரும்பியதா என்று எங்களுக்குத் தெரியாது. கோ-பைலட் உடனே இரண்டாவது ரேடியோவில் முந்தைய ஃப்ரீக்வென்சிக்குப் போய்க் கேட்டார், அங்கிருந்தவர் திசையைச் சொன்னார். மொத்தம் ஒன்றரை நிமிடம்தான் இருக்கும். நீண்ட ஒன்றரை நிமிடம். பரபரப்பான ஃப்ரீக்வென்சி திடீரென்று அமைதியானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கையில் இருக்கும் பொத்தானைத்தான்.

அமைதியை நம்பாதே என்று புதியவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் 188 விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக யாரோடும் தொடர்பில்லாமல் பறந்து, இறங்க வேண்டிய மினியாபொலிஸைத் தாண்டிப் போய்விட்டது. பணி அட்டவணையை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்ததாக விமானிகள் சொன்னார்கள். தொடர்ந்து பத்து நிமிடம் எந்தக் குரலும் இல்லையென்றால் நான் ரேடியோ செக் கேட்டுவிடுவேன். சில கன்ட்ரோலர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, சொல்லத் தயங்குவது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கை நோக்கி வந்த ஏவியான்கா 52, மோசமான வானிலையால் மொத்தம் ஒரு மணி 17 நிமிடம் வானத்தில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முன்னுரிமை வேண்டும் என்றார்கள், எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார்கள். 'எமர்ஜென்சி' என்ற சொல்லையோ, உயிருக்கு ஆபத்து என்று அறிவிக்கும் 'மேடே' என்ற சொல்லையோ ரேடியோவில் கடைசிவரை சொல்லவில்லை. எல்லா எஞ்சின்களும் நின்று, விமானம் ஒரு குன்றின் சரிவில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். கன்ட்ரோலர் முன்னால் திரையில் இருப்பது புள்ளிகள்தான். நம் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அந்தப் புள்ளி சொல்லாது. நம் தொண்டையில் ஏறும் பயம் நல்ல மரியாதையான குரலில் மறைந்துபோகும். அதற்காகத்தான் இன்றைக்கு, இனித் தாமதம் தாங்காது என்பதற்கு 'மினிமம் ஃப்யூயல்', அதையும் தாண்டினால் 'மேடே ஃப்யூயல்' என்று தனிச் சொற்கள் இருக்கின்றன. சொல்லிவிட்டால் அறிக்கை எழுத வேண்டியிருக்கும், விசாரிப்பார்கள் என்ற தயக்கம் எனக்கும் இருந்திருக்கிறது. எழுதினால் எழுதிக்கொள்ளலாம்.

கேட்கத் தயங்குவதும் இதோடு சேர்ந்ததுதான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் 'சே அகெய்ன்', அதாவது மறுபடி சொல்லுங்கள், என்று இரண்டாவது முறை கேட்க வெட்கப்படுகிறார்கள். சர்வதேசப் பாதைகளில் பறக்க, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த மொழித்திறன் அளவில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் என் அனுபவத்தில் குழப்பத்தைக் கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூச்சுவிடாமல் நான்கு உத்தரவுகளை ஒரே வீச்சில் கொட்டுவார்கள், நடுவில் தங்கள் ஊர்ப் பேச்சுவழக்கையும் சேர்ப்பார்கள். அப்படிப்பட்டவரிடம், மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பது நம் மொழிக் குறைபாட்டை ஒப்புக்கொள்வது ஆகாது. ஒரே செய்தியில் மூன்று விஷயங்களுக்கு மேல் வந்தால் நான் பிரித்துத்தான் கேட்பேன்.

சமீபத்தில் புதிய கோ-பைலட் ஒருவரோடு பறந்தேன். இறங்கும் நேரம், நெரிசலான ஃப்ரீக்வென்சி. உத்தரவு வந்தது. எழுதினார். குமிழை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது சரியாகத்தான் கேட்டிருந்தது, அல்லது அப்படித்தான் நினைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி, "சே அகெய்ன் லெவல்" என்றார். கன்ட்ரோலர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். முன்னால் எழுதியிருந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, அதன் கீழே புது எண்ணை எழுதினார் அவர்.